வைரம் விலையிழந்த ஓராண்டு: போட்ஸ்வானா உணர்த்தும் பாடம்

2025 நவம்பர் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் நமது குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அங்கோலாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் அரசுமுறைப் பயணம் மேற்கொண்டார். இந்தியக் குடியரசுத் தலைவர் ஒருவர் இவ்விரு நாடுகளுக்கும் செல்வது இதுவே முதன்முறை. போட்ஸ்வானா நமக்கு அளிக்க முன்வந்த எட்டு சிவிங்கிப்புலிகளைப் பற்றி நம் நாளேடுகள் விரிவாக எழுதின. அதே பயணத்தில் பேசப்பட்ட இன்னொரு பொருள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அது மருந்து. எச்.ஐ.வி. தொற்றுக்கான மருந்துகளை இந்தியா அந்நாட்டுக்கு அனுப்பும் என்று அறிவிக்கப்பட்டது. இந்திய மருந்துத் தரநூலை அங்கீகரிப்பது குறித்த புரிந்துணர்வு ஒப்பந்தமும் கையெழுத்தானது.

மதிப்பின் அடிப்படையில் உலகின் மிக வளமான வைரச் சுரங்கம் ஜ்வானெங். அது போட்ஸ்வானாவில்தான் இருக்கிறது. அத்தகைய நாடு, ஏறத்தாழ 25 இலட்சம் மக்களை மட்டுமே கொண்ட நாடு, மருந்துக்காகப் பிறர் உதவியை எதிர்நோக்க நேர்ந்தது ஏன்? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அங்கு 2024 அக்டோபரில் நடந்த தேர்தலிலிருந்து தொடங்கி, அதன்பின் கழிந்த ஓராண்டைக் கவனிக்க வேண்டும்.

விதிவிலக்கான நாடு

வளர்ச்சிப் பொருளியல் கற்பிப்பவர்கள் எவரும் போட்ஸ்வானாவைத் தவிர்த்துவிட்டுப் பாடம் நடத்த முடியாது. கனிம வளம் மிகுந்த நாடுகள் பலவும் ஊழல், உள்நாட்டுப் போர், சர்வாதிகாரம் ஆகியவற்றில் சிக்கிச் சீரழிவதைப் பொருளியலாளர்கள் 'வளத்தின் சாபம்' என்பர். நானும் பல்லாண்டுகள் அந்தப் பாடத்தைக் கற்பித்திருக்கிறேன். நைஜீரியா, காங்கோ, சியரா லியோன் என்று எடுத்துக்காட்டுகளை அடுக்கிய பிறகு, 'விதிவிலக்கு உண்டா?' என்று மாணவர்கள் கேட்பார்கள். போட்ஸ்வானா என்பதே அப்போது கூறப்படும் முதல் விடை.

அந்த விடைக்கு வலுவான காரணங்கள் இருந்தன. 1966 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது, நாடு முழுவதிலும் தார்ச்சாலையின் நீளம் 12 கிலோமீட்டர்தான். பட்டம் பெற்றவர்கள் 22 பேர். நிலத்தின் பெரும்பகுதி கலஹாரி வறள் நிலம். மழையின் அருமை அறிந்த அம்மக்கள் தங்கள் நாணயத்துக்கு இட்ட பெயரே 'புலா'. அவர்கள் மொழியில் அதற்கு மழை என்று பொருள்.

விடுதலைக்கு அடுத்த ஆண்டு ஒராபாவில் வைரம் கண்டறியப்பட்டது. முதல் அதிபர் செரெட்சே காமாவின் சொந்தக் குலமான பமாங்வாட்டோ மக்களின் நிலப்பரப்பில் அமைந்த இடம் அது. அந்த வளத்தைத் தம் குலத்துக்கே உரியதாக வைத்துக்கொள்ள அவருக்கு வாய்ப்பிருந்தது. ஆனால், கனிம உரிமை குலங்களிடமிருந்து தேசத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் டி பீர்ஸ் நிறுவனத்துடன் பேசி, அரசுக்குச் சரிபாதிப் பங்குள்ள டெப்ஸ்வானா நிறுவனம் உருவாக்கப்பட்டது. வரி, உரிமத்தொகை, பங்காதாயம் என்று பல வழிகளில் அந்நிறுவன லாபத்தின் மிகப் பெரும்பகுதி அரசுக் கருவூலத்துக்கே வந்து சேர்ந்தது. அப்பணத்தைக் கொண்டு பள்ளிகளும் மருத்துவமனைகளும் சாலைகளும் அமைந்தன. 1965 முதல் 1998 வரை பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக 7 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது. 2002-இல், நாடு தழுவிய அளவில் எச்.ஐ.வி. மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கிய முதல் ஆப்பிரிக்க நாடும் இதுவே.

2024-ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசு டாரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் ஆகியோருக்கு அறிவிக்கப்பட்டது. நல்ல அரசியல், பொருளாதார நிறுவனங்களே ஒரு நாட்டின் செழிப்பை முடிவு செய்கின்றன என்பது அவர்களது ஆய்வின் சாரம். போட்ஸ்வானாவின் வெற்றியை விளக்கி அம்மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை பரவலாக அறியப்பட்டது. பரிசு அறிவிப்பு வெளியானது அக்டோபர் 14 அன்று. சரியாக 16 நாள்கள் கழித்து, அதே போட்ஸ்வானாவின் வாக்காளர்கள் விடுதலை நாள் முதல் ஆட்சியில் இருந்த கட்சியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

58 ஆண்டு ஆட்சியின் முடிவு

2024 அக்டோபர் 30-இல் நடைபெற்ற தேர்தலில், ஆளும் போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சி மொத்தமுள்ள 61 தொகுதிகளில் நான்கை மட்டுமே வென்றது. மனித உரிமை வழக்கறிஞரான டூமா போகோ தலைமையிலான 'ஜனநாயக மாற்றத்துக்கான குடை' என்னும் கூட்டணி 36 இடங்களைப் பிடித்தது. போட்ஸ்வானா காங்கிரஸ் கட்சிக்கு 15 இடங்களும் போட்ஸ்வானா தேசபக்த முன்னணிக்கு 5 இடங்களும் கிடைத்தன.

இவ்வெண்களைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நான்கு இடங்களே பெற்ற ஆளுங்கட்சி வாங்கிய வாக்குகள் ஏறத்தாழ 30 விழுக்காடு; வாக்குக் கணக்கில் அதற்கு இரண்டாம் இடம். வென்ற கூட்டணி பெற்றது 37 விழுக்காடுதான். தொகுதியில் முதலில் வருபவரே வெற்றியாளர் என்னும், நாமும் பின்பற்றுகிற தேர்தல் முறையின் விளைவு இது. 2014-இல் பாதிக்கும் குறைவான வாக்குகளைப் பெற்று 57-இல் 37 இடங்களை அள்ளிக்கொண்ட அதே கட்சியை, பத்தாண்டுகளுக்குப் பின் அதே முறை துடைத்தெறிந்துவிட்டது. எதிர்க்கட்சிகள் பிளவுபட்டே நின்றன என்பதும் குறிப்பிடத்தக்கது. 2019 தேர்தலில் கூட்டணிக்குள் இருந்த காங்கிரஸ் கட்சி இம்முறை தனியாக நின்றது. அப்படியிருந்தும் ஆளுங்கட்சி தப்பவில்லை.

முழு முடிவுகள் வருமுன்பே, நவம்பர் 1 அன்று, அதிபர் மொக்வீட்சி மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டார். அன்றே போகோ பதவியேற்றார். ஒரு வாரம் கழித்துக் கபரோனேயில் நடந்த பதவியேற்பு விழாவில் மசிசியும் கலந்துகொண்டார். அதே மாதங்களில் மொசாம்பிக் நாட்டில் தேர்தல் முடிவை எதிர்த்த போராட்டங்களில் உயிர்கள் பலியாகிக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்த்தால், இது எத்தனை பெரிய நிகழ்வு என்பது விளங்கும்.

ஆளுங்கட்சி ஏன் தோற்றது? முன்னாள் அதிபர் இயன் காமாவுக்கும் அவர் கைகாட்டிப் பதவிக்கு வந்த மசிசிக்கும் இடையே மூண்ட பகை ஒரு காரணம். ஆனால், அடிப்படைக் காரணம் வேலைவாய்ப்பு. 2024 தொடக்கத்தில் வேலையின்மை 27.6 விழுக்காடு, இளைஞர்களிடையே அது இன்னும் அதிகம். வைரச் சுரங்கம் மூலதனத்தைத் தின்னும் தொழில். கோடிக்கணக்கில் வருமானம் ஈட்டித் தரும், ஆனால் சில ஆயிரம் பேருக்கே வேலை தரும். எஞ்சியோருக்கு அரசு வேலைதான் புகலிடம். கல்வி கொடுத்த அரசால், கற்று வெளியேறிய தலைமுறைக்கு வேலை கொடுக்க முடியவில்லை. உலகின் மிக அதிகமான வருமான ஏற்றத்தாழ்வு நிலவும் நாடுகளின் வரிசையில் போட்ஸ்வானா இடம்பெற்றிருப்பதும் இதனால்தான்.

சுரங்கத்திலிருந்து மருந்தகம் வரை

புதிய அரசு பதவியேற்றபோது கருவூலம் காய்ந்து கிடந்தது. ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காடும், அரசு வருவாயில் மூன்றில் ஒரு பங்கும் வைரத்திலிருந்து வருபவை. அந்த வைரத்தின் சந்தை 2023 முதலே சரியத் தொடங்கியிருந்தது. சீனாவில் தேவை குறைந்தது. அமெரிக்காவில் நிச்சயதார்த்த மோதிரம் வாங்கும் இளைஞர்கள் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வைரங்களின் பக்கம் திரும்பினர். 2023-இல் 2.47 கோடி காரட் வைரம் எடுத்த டெப்ஸ்வானா, 2024-இல் அதனை 1.79 கோடி காரட்டாகக் குறைத்தது. 2024-இன் முதல் பாதியில் அதன் விற்பனை, முந்தைய ஆண்டின் அதே காலத்துடன் ஒப்பிடுகையில், ஏறத்தாழ பாதியாக வீழ்ந்தது. அவ்வாண்டில் நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ 3 விழுக்காடு சுருங்கியது. 2025-க்கான உற்பத்தி இலக்கு 1.5 கோடி காரட்டாக மேலும் குறைக்கப்பட்டது. சுரங்கங்களின் சில பகுதிகளில் பணி நிறுத்திவைக்கப்பட்டது.

இங்கே ஒரு முரணையும் குறிப்பிட வேண்டும். இத்தனை சரிவுக்கு நடுவில்தான், 2024 ஆகஸ்டில், கரோவே சுரங்கத்தில் 2,492 காரட் எடையுள்ள வைரம் கிடைத்தது. 1905-இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரத்துக்கு அடுத்தபடியாக இதுவரை தோண்டியெடுக்கப்பட்ட மிகப் பெரிய கல் இதுவே. அதனைக் கையில் ஏந்தி நின்ற அதிபர் மசிசியின் படம் உலகெங்கும் வெளியானது. பத்து வாரங்களில் அவர் பதவி இழந்தார்.

சந்தை விலை என்பது எங்கோ லண்டனிலும் துபாயிலும் தீர்மானமாகும் எண் என்று நாம் எண்ணுகிறோம். அது ஒரு சிற்றூர் மருந்தகத்தை எப்படி வந்தடைகிறது என்பதைப் போட்ஸ்வானாவின் இந்த ஓராண்டு தெளிவாகக் காட்டுகிறது. விற்பனை குறைந்ததும் டெப்ஸ்வானா அரசுக்குச் செலுத்தும் வரியும் பங்காதாயமும் குறைந்தன. பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை எட்டியது. முந்தைய நல்லாண்டுகளின் சேமிப்பு கரைந்தது. அடுத்ததாக, அரசுக்குப் பொருள் வழங்கியவர்களுக்கான தொகைகள் நிலுவையில் நின்றன. சுகாதாரத் துறையின் கடன் மட்டும் 100 கோடி புலாவைத் தாண்டியது. பணம் பெறாதவர்கள் சரக்கு அனுப்பத் தயங்கினார்கள். இதே வேளையில் அமெரிக்காவின் புதிய அரசு வெளிநாட்டு உதவியை வெட்டியது. போட்ஸ்வானாவின் எச்.ஐ.வி. தடுப்புப் பணிக்கான செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்க நிதி.

2025 ஆகஸ்ட் மாதத்தில், அவசரமற்ற அறுவை சிகிச்சைகளை நிறுத்தி வைப்பதாகச் சுகாதாரத் துறை அறிவித்தது. இரத்த அழுத்தம், நீரிழிவு, காசநோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கான மருந்துகள் தட்டுப்பாடாயின. ஆகஸ்ட் 25 அன்று தொலைக்காட்சியில் தோன்றிய அதிபர் போகோ, பொதுச் சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்தார். 25 கோடி புலா அவசர நிதியாக ஒதுக்கப்பட்டது. மருந்துகளைக் கொண்டு சேர்க்கும் பணியின் மேற்பார்வை இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் கூறிய காரணத்தையும் கவனிக்க வேண்டும். பணப் பற்றாக்குறையை மட்டும் அவர் சுட்டவில்லை. மருந்து கொள்முதலை நடத்தும் மத்திய மருந்துக் கிடங்கின் அமைப்பே பழுதுபட்டுவிட்டது என்றும், மருந்துகள் ஐந்து முதல் பத்து மடங்கு வரை கூடுதல் விலைக்கு வாங்கப்பட்டன என்றும் அவர் சொன்னார். நல்ல நிறுவனங்களுக்குப் பெயர் பெற்ற ஒரு நாட்டின் அதிபர் இப்படிச் சொல்ல நேர்ந்தது சிந்திக்கத்தக்கது. கருவூலம் நிரம்பி வழியும் காலத்தில் கொள்முதலில் உள்ள ஓட்டைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீர் வற்றும்போதுதான் குளத்தின் கரை எங்கெங்கே இடிந்திருக்கிறது என்பது தெரியும்.

எத்தனை பங்கு, எவ்வளவு மதிப்பு

புதிய அரசு கைகட்டி நிற்கவில்லை. மசிசி காலத்தில் இழுபறியாக இருந்த டி பீர்ஸ் ஒப்பந்தம் 2025 பிப்ரவரியில் கையெழுத்தானது. டெப்ஸ்வானா எடுக்கும் வைரத்தில் அரசின் விற்பனை நிறுவனத்துக்கு முதல் ஐந்தாண்டுகளில் 30 விழுக்காடும், அடுத்த ஐந்தாண்டுகளில் 40 விழுக்காடும் கிடைக்கும். சுரங்க உரிமம் 2054 வரை நீட்டிக்கப்பட்டது. இதற்கு மேல், டி பீர்ஸ் நிறுவனத்தையே விற்றுவிட அதன் தாய் நிறுவனமான ஆங்கிலோ அமெரிக்கன் முடிவு செய்திருக்கும் நிலையில், இப்போது 15 விழுக்காட்டுப் பங்கு வைத்திருக்கும் போட்ஸ்வானா, பெரும்பான்மைப் பங்கை வாங்க விரும்புகிறது. அண்டை நாடான அங்கோலாவும் களத்தில் இறங்கியிருக்கிறது.

தேசிய உணர்வின் அடிப்படையில் இந்த விருப்பத்தைப் புரிந்துகொள்ளலாம். நம் மண்ணின் கல்லை நாமே விற்போம் என்பதில் நியாயம் உண்டு. ஆனால், பொருளியல் கண்கொண்டு பார்த்தால் எனக்கு அச்சமே மேலிடுகிறது. வருவாயின் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே ஒரே பொருளைச் சார்ந்திருக்கும் அரசு, கடன் வாங்கி அதே பொருளில் மேலும் முதலீடு செய்வது அறிவுடைமையா? வானம் பார்த்த பூமியை உடைய உழவர் ஒருவர், மழை பொய்த்த ஆண்டில், பக்கத்திலுள்ள வானம் பார்த்த நிலத்தையும் கடன்பட்டு வாங்குவதற்கு ஒப்பாகும் அது. விலை மீண்டால் ஆதாயம் பெருகும்; மீளாவிட்டால் இழப்பு இரட்டிப்பாகும். அந்த இழப்பைத் தாங்க வேண்டியவர்கள் மருந்துக்காக வரிசையில் நிற்பவர்கள்.

விலை மீளுமா என்பதுதான் அடிப்படைக் கேள்வி. 2008-இல் உலக நிதி நெருக்கடியின்போதும் 2020-இல் பெருந்தொற்றின்போதும் வைரத்தின் விலை விழுந்து எழுந்தது. அவை தேவையில் ஏற்பட்ட தற்காலிகச் சுருக்கங்கள். இப்போது நேர்ந்திருப்பது வேறு. வேதியியல் அளவில் வேறுபாடில்லாத மாற்றுப் பொருள், மிகக் குறைந்த விலையில், எத்தனை வேண்டுமானாலும் உற்பத்தி செய்யக்கூடிய வகையில் வந்துவிட்டது. அருமைதான் வைரத்தின் விலை. அருமை குறைந்த பின் விலை பழைய உயரத்துக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்க வலுவான காரணம் இல்லை. 2025 ஜூனில் அங்கோலாவின் லுவாண்டா நகரில் கூடிய ஆப்பிரிக்க வைர நாடுகள், தம் விற்பனை வருவாயில் ஒரு விழுக்காட்டை இயற்கை வைரத்தை விளம்பரப்படுத்தச் செலவிட ஒப்புக்கொண்டன. தானே விலைபோன பொருளுக்கு அரசுகளே விளம்பரம் செய்ய வேண்டிய நிலை வந்துவிட்டதை இது காட்டுகிறது.

நமக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது இந்தியாவில், பெரும்பாலும் சூரத்தில், தீட்டப்படுபவை. ஜ்வானெங்கில் வேலை குறைந்தால் சூரத்திலும் குறையும். இரு நாடுகளின் தொழிலாளர்களும் ஒரே நூலில் கட்டப்பட்டவர்கள். அதே சூரத்தில்தான் ஆய்வக வைரத் தொழிலும் தழைத்து வருகிறது. 2023-24 நிதிநிலை அறிக்கையில் ஆய்வக வைர ஆராய்ச்சிக்கென மத்திய அரசு அறிவித்த ஐந்தாண்டு மானியம் சென்னை ஐ.ஐ.டி.க்கு வழங்கப்பட்டது. நம் நாட்டின் நோக்கில் இது சரியான முதலீடே. எனினும், சென்னையில் ஓர் ஆய்வகம் பெறும் வெற்றி கபரோனேயின் நிதிநிலை அறிக்கையில் ஒரு பள்ளமாக விழக்கூடும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது. அந்நாட்டுக்கு மருந்து அனுப்புவதை உதவி என்று மட்டும் நாம் கருத வேண்டியதில்லை.

நிறுவனங்களால் எது முடியும், எது முடியாது

இவ்வளவையும் பார்த்துவிட்டு, 'போட்ஸ்வானாவின் வெற்றிக் கதை பொய்' என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அது பிழையான முடிவு. நல்ல நிறுவனங்கள் அந்நாட்டு மக்களுக்குத் தந்தவை ஏராளம். வைரத்துக்காக அங்கே எவரும் ஆயுதம் ஏந்தவில்லை. 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி ஒரு தொலைபேசி அழைப்பில் அதிகாரத்தைக் கைமாற்றியது. நெருக்கடி வந்ததும் அதிபர் அதை மறைக்காமல் மக்கள் முன் வைத்தார். இவை சிறிய சாதனைகள் அல்ல.

ஆனால், நிறுவனங்களின் வலிமைக்கும் ஓர் எல்லை உண்டு. வளத்தைத் திருடர்களிடமிருந்து காப்பாற்ற நல்ல நிறுவனங்களால் முடியும். வளத்தின் விலை வீழ்வதிலிருந்து காப்பாற்ற அவற்றால் மட்டும் முடியாது. அதற்கு வேறு தொழில்கள் வேண்டும். பல்தொழில் வளர்ச்சி பற்றிய பேச்சு போட்ஸ்வானாவின் ஐந்தாண்டுத் திட்டங்களில் நெடுங்காலமாகவே இருந்து வந்திருக்கிறது. அது ஏட்டளவிலேயே நின்றதற்குக் காரணம் அறியாமை அன்று, அவசரமின்மை. வைரம் எளிதாகப் பணம் தந்தவரை, கடினமான வழியைத் தேர்ந்தெடுக்க எந்த அரசுக்கும் மனம் வரவில்லை. நேர்மையான ஆட்சியையும்கூட எளிய வருமானம் சோம்பலாக்கிவிடும். வளத்தின் சாபத்தில் நாம் அதிகம் பேசாத பாதி இது.

போகோ அரசு அளித்த வாக்குறுதிகள் பெரியவை. மாதம் 4,000 புலா குறைந்தபட்ச ஊதியம், 1,800 புலா முதியோர் ஓய்வூதியம், இலட்சக்கணக்கான வேலைவாய்ப்புகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். சுருங்கிய கருவூலம் இவற்றை எப்படித் தாங்கும் என்பதே நிதியமைச்சரும் துணை அதிபருமான ந்தாபா கவோலத்தே எதிர்கொள்ளும் சோதனை. கத்தாரைச் சேர்ந்த அல் மன்சூர் ஹோல்டிங்ஸ் 1,200 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாக 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. நாட்டின் மொத்த ஆண்டு உற்பத்தியே ஏறத்தாழ 2,000 கோடி டாலர்தான் என்பதை எண்ணினால், இத்தகைய அறிவிப்புகளைப் பணம் வந்து சேரும்வரை வரவில் எழுதாமல் இருப்பதே விவேகம். கலஹாரியின் செம்பு, கால்நடை, ஒகவாங்கோ சுற்றுலா, சூரிய ஆற்றல் என்று வழிகள் இல்லாமல் இல்லை. இவற்றில் எதுவும் வைரம் போல் ஒரே கல்லில் கோடிகளைத் தராது. ஆனால், வைரம் தராத வேலைகளைத் தரும்.

இந்த ஓராண்டில் அம்மக்களுக்கு மகிழ்ச்சி தந்த செய்தி ஓடுதளத்திலிருந்து வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் லெட்சிலே டெபோகோ 200 மீட்டர் ஓட்டத்தில் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகத் தடகளப் போட்டியில் 400 மீட்டர் தனிநபர் ஓட்டத்தில் காலன் கெபினட்ஷிப்பி தங்கம் வென்றார். தொடர் ஓட்டத்தில் அமெரிக்காவை முந்தி போட்ஸ்வானா அணியும் தங்கம் வென்றது. அரசு அதற்காகப் பொதுவிடுமுறை அறிவித்தது. மண்ணுக்கடியில் கிடைத்ததைக் கொண்டு அல்லாமல், மனிதர்களைப் பயிற்றுவித்துப் பெற்ற வெற்றி அது.

மக்கள் ஒரு கட்சிக்கு 58 ஆண்டுகள் பொறுமை காட்டினார்கள். புதிய அரசுக்கு அத்தனை அவகாசம் கிடைக்காது. அடுத்த தேர்தல் 2029-இல். அதற்குள் வைரத்தின் விலை மீள்கிறதா என்பது போகோவின் கையில் இல்லை. மருந்துக் கிடங்கின் கொள்முதல் சீராகிறதா, கடன் வாங்கும் பணம் டி பீர்ஸ் பங்குகளுக்குப் போகிறதா அல்லது வேலை தரும் தொழில்களுக்குப் போகிறதா என்பவை அவர் கையில்தான் இருக்கின்றன. போட்ஸ்வானா விதிவிலக்காகவே நீடிக்குமா என்பதை இனி அந்த முடிவுகளே தீர்மானிக்கும்.